பன்னிரண்டு கற்கள்

தெரிந்தே ஒரு தவறைச் சொல்லிவிட்டு, கேட்பவர் அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பவரைப் பொய்யர் என்று சொல்லலாமா? கண்டுபிடித்துவிட்டால் அவரை ஆசிரியர் என்போம். கண்டுபிடிக்காமலே போய்விட்டால் என்ன என்போம்? சொன்னவரின் நோக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனாலும் அவர் யார் என்பதைக் கேட்டவரின் கவனமல்லவா முடிவு செய்கிறது? இது மாலையில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு யோசிக்கத் தோதான கேள்வி என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். டவுட் மிஸ்ஸின் வாழ்க்கையில் அது ஒரு குடும்பத்தைப் பிளந்தது.

அவரை எல்லோரும் டவுட் மிஸ் என்றுதான் அழைத்தார்கள். நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சென்டரில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்துவந்தார். அவருக்கு வகுப்பு கிடையாது, கரும்பலகை கிடையாது. ஆங்கிலத்தில் மாணவர்களுக்கு வரும் சந்தேகங்களைத் தீர்ப்பது மட்டும்தான் வேலை. அவருடைய மேசை மாடிப்படிக்கு அடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் ஃபில்டருக்கும் நடுவில் கிடந்தது. ஒரு கால் குட்டை. பழைய வினாத்தாளை எட்டாக மடித்து அடியில் கொடுத்திருந்தார்கள். படியின் அடிப்பாகம் தாழ்ந்து வந்ததால் மேசைக்கு முன்னால் நிற்பவர்கள் குனிந்தே நிற்க வேண்டும். முதல் நாள் நிமிர்ந்தபடி வந்தவர்கள் எல்லோரும் மறுநாள் நெற்றியில் ஒரு புடைப்போடு பணிவாக வந்தார்கள். அதே கட்டடத்தில் முதல் மாடியில் ஆறு வருடம் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இடத்தில் யாருக்கும் கிடைத்த உண்மையான மரியாதை அது ஒன்றுதான்.

மேசையின்மேல் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். சந்தேகத்தைச் சீட்டில் எழுதி அதில் போட்டால் மறுநாள் பதில் வரும். இலக்கணச் சந்தேகங்கள்தான் அதிகம். அவற்றுக்கு மூன்று வரியில் விதி, இரண்டு எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். சொற்களைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் நின்று பேசுவார். பொறாமையைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு என்ன வித்தியாசம் என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். அடுத்தவரிடம் இருப்பது நமக்கு இல்லையே என்பது ஒன்று, நம்மிடம் இருப்பது போய்விடுமோ என்பது இன்னொன்று, உன் வாக்கியத்தில் யாரிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பார், என்று பதில் போயிற்று. கடிதம் எழுதும் பயிற்சி என்று சொல்லி ஒருவன் ஒரு காதல் கடிதத்தையே டின்னில் போட்டுவிட்டான். அதை அவர் வரிவரியாகத் திருத்தி, கடைசியில் எழுதினார்: “முடிவு சொல்லப்பட்டிருக்கிறது. காரணம் எங்கும் காட்டப்படவில்லை. படிப்பவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?” அவன் அதைத் திருத்தி எழுதிக் கொடுத்தானா என்று தெரியாது. வாதம் செய்வது என்றால் என்ன என்பதை அந்தக் கட்டடத்தில் அந்தச் சீட்டைவிடத் தெளிவாக யாரும் விளக்கி நான் பார்க்கவில்லை.

இலக்கியக் கேள்விகளில்தான் அவருடைய தனி வழி இருந்தது. ஒரு கவிதையைப் பற்றியோ கட்டுரையைப் பற்றியோ மாதிரி விடை கேட்டால் ஒரு முழுப்பக்க விடை எழுதித் தருவார். நல்ல விடையாக இருக்கும். ஆனால் அதற்குள் தெரிந்தே ஒரு தவறான கருத்தை வைத்திருப்பார். கவிதையில் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லியிருப்பார், அல்லது கதையில் ஒருவன் செய்ததற்குக் கதை சொல்லாத காரணத்தைக் காட்டியிருப்பார். மாணவர் மூலத்தைத் திரும்பப் படித்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்து வந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த விடை. மாணவர்கள் அதற்குக் கல் என்று பெயர் வைத்தார்கள், அரிசியில் கிடக்கும் கல். “மிஸ், நேத்து கல்லு நாலாவது வரியில” என்று ஒருவன் குனிந்து சொல்வான். சரியாக இருந்தால் மிஸ் தலையசைத்து, தன் கோப்பைத் திறப்பார். ஒவ்வொரு விடைக்கும் கார்பன் நகல் ஒன்று அங்கே இருக்கும். நகலில் கல் இருக்கும் வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருப்பார். சொன்னவன் கண்ணெதிரே அந்தப் புள்ளியை ரப்பரால் அழிப்பார். வேறு பாராட்டு எதுவும் கிடையாது. அடுத்த வருடம் வேறு யாருக்காவது அதே விடை போகும்போது புள்ளி மறுபடி வந்து உட்காரும்.

ஆரம்பத்தில் அவரும் நேரான விடைகளைத்தான் கொடுத்துவந்தாராம். அதே மாணவன் அதே கேள்வியை இரண்டு மாதம் கழித்து மறுபடி டின்னில் போட்டபோது இந்த வழிக்கு மாறியிருக்கிறார். இலக்கணத்தில் மட்டும் கல் வைக்க மாட்டார். “அதுல வச்சா அநியாயம். விதியை மனப்பாடம்தான் பண்ணணும், கண்டுபிடிக்க முடியாது. கவிதையில கண்ணு இருந்தாப் போதும்” என்று ஒருமுறை ஃபில்டரில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னார்.

இதை ஒரு பெரிய கற்பித்தல் முறை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. கல் சிக்காமல் ஒருவன் வெறுங்கையோடு வந்து நிற்கும்போது அவர் உதட்டோரம் லேசாகச் சுழிக்கும். அதை அக்கறை என்று எடுத்துக்கொள்ள நான் பலமுறை முயன்றிருக்கிறேன். முடிந்ததில்லை. தன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் நடுவே பதினெட்டு வருடம் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நல்லதல்ல என்று மட்டும் சொல்லிக்கொள்வேன்.

அவருடைய மகளைவிட வேகமாகக் கல் பொறுக்கியவர்கள் யாரும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீட்டில் அதுதான் விளையாட்டு. அவளுடைய அப்பா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய் எண் குறிப்பதோடு அவர் படிப்பு முடிந்துவிடும். “இந்த வீட்ல உப்பு போட்டாச்சுன்னு சொன்னாக்கூட ருசி பாத்துட்டுத்தான் நம்பணும்” என்பார்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு கூரியர் அலுவலகத்தில் விலாசங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்: வேறொரு நகரத்தில் இருந்த மொழிக் கல்லூரியில் மொழிபெயர்ப்புப் படிப்பு. மொத்தம் அறுபது இடம். அதற்கான நுழைவுத் தேர்வை ஒருவர் இரண்டு முறைதான் எழுதலாம். முதல் முறை எழுதியபோது நேரம் போதாமல் கடைசிக் கேள்வி பாதியில் நின்றுபோயிற்று. இது இரண்டாவது முறை. அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை அச்செடுத்துத் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாள். புடவையோ துண்டோ எடுக்கக் கதவைத் திறக்கும் போதெல்லாம் அம்மாவும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மிஸ் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக மேசை காலியாகக் கிடந்தது, டின் நிரம்பி வழிந்தது. சென்டரின் உரிமையாளரைத் தாங்க முடியாத அளவுக்குப் பெற்றோர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள். அவரை எல்லோரும் டைரக்டர் என்று கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. கெட்ட மனிதர் அல்ல. ஆங்கிலத்தில் அவர் முழுதாகப் படித்தது தன் சென்டரின் பெயர்ப்பலகையை மட்டும்தான், அவ்வளவே. அவர் மிஸ்ஸின் மேசையைத் திறந்து கோப்பை எடுத்தார். அந்த வருடப் பாடங்களுக்கான மாதிரி விடைகள் பன்னிரண்டு இருந்தன. அள்ளிக்கொண்டு போய்த் தட்டச்சு செய்யக் கொடுத்து, கெட்டி அட்டை போட்டுப் புத்தகமாக அச்சடித்துவிட்டார். அட்டையில் ‘உறுதியான பன்னிரண்டு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தட்டச்சு செய்தவர் ஓரத்தில் இருந்த பென்சில் புள்ளிகளைப் பார்த்திருக்கிறார். ஈ எச்சம் என்று நினைத்தாராம்.

கல் விஷயம் டைரக்டருக்குத் தெரியாதா என்று நான் பிறகு கேட்டேன். பிள்ளைகள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு என்றார்.

புத்தகம் இரண்டு வாரத்தில் ஊரெல்லாம் போய்விட்டது. சென்டர் மாணவர்களிடமிருந்து மற்றவர்கள் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார்கள். பக்கத்து நகரங்களுக்கும் போயிற்று. மகள் கையில் அது தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் கிடைத்தது. கூரியர் அலுவலகத்தில் யாரோ அனுப்பிய கட்டு பிரிந்து கிடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கட்டிலில் போட்டாள்.

மிஸ் படுத்தபடியே பக்கங்களைப் புரட்டினார். கண் இன்னும் மஞ்சளாக இருந்தது. முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது என்று மகள் பிறகு சொன்னாள். தன் எழுத்தை முதல்முறையாக அச்சில் பார்க்கிறவரின் முகம்.

“பன்னெண்டு கல்லும் அப்படியே இருக்கு” என்றார்.

“போன் பண்ணிச் சொல்லும்மா. இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

“எதுக்கு? ரெண்டு வருஷமா என்கிட்ட பொறுக்கிப் பழகினவங்க. பல்லுல பட்டா துப்பத் தெரியாதா அவங்களுக்கு?”

“இது அச்சடிச்ச புக்கும்மா.”

“அச்சடிச்சா கல்லு கரைஞ்சிடுமா?”

சமையலறையில் இருந்த கணவர் எட்டிப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லிவிடுவதில் என்ன குறைந்துபோகிறது, போனை நான் போடட்டுமா என்று கேட்டார். மிஸ் புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்றார். கண்டுபிடிக்கிறவன் கண்டுபிடிக்கட்டும், இல்லாவிட்டால் இத்தனை நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்ததற்கு என்ன அர்த்தம் என்றாராம். கணவர் சமையலறைக்குள் திரும்பினார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளிடம், “உங்கம்மா பரீட்சை எழுதறா. நாம சத்தம் போடக் கூடாது” என்றார்.

மிஸ்ஸுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று. கையெழுத்தில், ஒற்றைத் தாளில் வந்தபோது அது விளையாட்டு. அட்டை போட்டு, பக்க எண் கொடுத்து, வரி ஒழுங்காக அச்சில் வந்ததும் அதே சொற்கள் சட்டமாகிவிட்டன. சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கற்றுக்கொண்டது அந்த ஒரு மேசையை, அந்த ஒரு கையெழுத்தைச் சந்தேகப்படுவதை மட்டும்தான். இது அவர் மாணவர்களுக்கு மட்டுமே உரிய குறை என்று நான் சொல்ல மாட்டேன். நாம் எல்லோரும் சந்தேகப்படப் பழகுவது நமக்குப் பக்கத்தில் இருப்பவர்களைத்தான்.

பன்னிரண்டில் ஒன்றுதான் தேர்வில் வந்தது. ஒரு கவிதை. விற்றுவிட்ட தன் வீட்டின் முன் ஒருவன் நின்று அதனோடு பேசுகிறான். நீ இனி எனக்கு வேண்டாம் என்று மூன்றாவது பத்தியில் அவனே சொல்கிறான். பிறகு சட்டைப்பையிலிருந்து பழைய சாவியை எடுத்துப் பூட்டில் பொருத்திப் பார்க்கிறான். பூட்டை மாற்றிவிட்டார்கள், சாவி சேரவில்லை. அவன் அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். கேள்வி, அவன் ஏன் வந்தான் என்பது. பதினைந்து மதிப்பெண். மிஸ் தன் மாதிரி விடையில் வைத்திருந்த கல், அவன் வீட்டைத் திரும்ப வாங்க வந்தான், கவிதை நம்பிக்கையைப் பற்றியது, என்பது. மூன்றாவது பத்தியைப் படித்த யாரும் தடுக்கி விழ வேண்டிய கல். மகள் தன் விடையில், சாவி சேராது என்பதை உறுதி செய்துகொள்ளத்தான் வந்தான், சேராமல் போனதுதான் அவனுக்குக் கிடைத்த விடுதலை என்று எழுதினாள்.

முடிவுகள் வந்த அன்று சென்டர் வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். அறுபது பேரில் பத்தொன்பது பேர் எங்கள் மாணவர்கள். மிஸ்ஸின் மகள் பெயர் இல்லை. நான்கு மதிப்பெண்ணில் போயிற்று. அந்தக் கவிதைக் கேள்விக்கு அவளுக்குப் பதினைந்துக்கு மூன்று.

நான்கு நாள் கழித்துத் தேர்வு வாரியம் விடைக்குறிப்பை வெளியிட்டது. விடைத்தாள் திருத்தியவர்கள் கையில் வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்ட குறிப்பு அது. மிஸ் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடாக வந்த தாளை நின்றபடியே படித்தவர் நிமிர்ந்ததில் படியில் நன்றாக இடித்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் அவர் அங்கே இடித்துக்கொண்டது அன்றுதான். வீட்டைத் திரும்ப வாங்க வந்தான் என்று குறிப்பு சொன்னது. அதற்குக் கீழே ஒரு வாக்கியம்: ‘வாசலை மட்டும் நினைவில் வைத்திருக்கும் நாயைப்போல அவன் நிற்கிறான்.’ அது மிஸ்ஸின் வாக்கியம், ஒரு சொல் மாறாமல். குறிப்பு எழுதிய புண்ணியவான் அவசரத்தில் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். கல்லையே அரிசி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அரிசி கொண்டுவந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை சுருட்டை வந்தான். முடி அப்படி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். தேர்வான பத்தொன்பதில் ஒருவன். நன்றி சொல்ல வந்திருந்தான்.

“நீங்க எழுதினதை அப்படியே எழுதினேன் மிஸ். பதினஞ்சுக்குப் பதினாலு.”

“கல்லு?” என்றார் மிஸ்.

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு சிரித்தான். “புக்குல போய் யாரு மிஸ் கல்லு தேடுவாங்க?”

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை. போகும்போது குனிந்து, பத்திரமாகப் போனான்.

மகள் வாரியத்துக்கு மனுப் போட்டாள். விடைக்குறிப்பு இந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது, அது தவறு, கவிதையின் மூன்றாவது பத்தியே சாட்சி என்று இரண்டு பக்கம். வாரியத்திலிருந்து பதில் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நேர்மையான பதில். கவிதைகளுக்குப் பல பொருள் உண்டு, ஆகவே வாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் விடைக்குறிப்புக்கு ஆதாரமான புத்தகத்தின் ஆசிரியரே அதில் பிழைகள் உள்ளன என்று ஒப்புக்கொண்டு, அவற்றை ஒன்று விடாமல் தம் கைப்படப் பட்டியலிட்டு அனுப்பினால், அந்தக் கேள்விக்கு எல்லோருடைய விடைத்தாளையும் மறுபடி திருத்தித் தரவரிசையை மாற்றி வெளியிடுவார்கள். பத்து நாள் அவகாசம்.

ஆக, எல்லாம் ஒரு தாளில் வந்து நின்றது. மிஸ் எழுதினால் மகளுக்கு இடம் கிடைக்கும். பத்தொன்பதில் பெரும்பாலோர் வெளியே போவார்கள்.

டைரக்டர் வீட்டுக்கே வந்தார். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதலில் தன்னுடைய பெயர் கெடும் என்றார், பிறகு சென்டரை மூட வேண்டிவரும் என்றார். மிஸ் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி அந்த மனிதர், அதுவரை யோசித்து வைத்திருக்காத ஒன்றைச் சொன்னார்.

“அந்தப் பசங்க என்னை நம்பி எழுதல மேடம். அட்டையில என் பேருகூட இல்லை. உங்க விடைன்னு தெரிஞ்சுதான் எழுதினாங்க.”

மிஸ் மடித்துக்கொண்டிருந்த துணியை உதறி மறுபடி முதலிலிருந்து மடித்தார்.

வீட்டில் அந்தப் பத்து நாளில் பேச்சு குறைந்தது. மகள் கெஞ்சவில்லை. ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, தலையைப் பின்னிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துப் பேசினாளாம். இதை அவளே எனக்குச் சொன்னாள்.

“நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. உண்மையைத்தான் எழுதச் சொல்றேன்.”

“தெரியுது.”

“இவ்வளவு வருஷமா கல்லை எடுத்தா அடுத்த விடை தருவேன்னு சொன்னே. நான் எடுத்தேன். எனக்கு என்ன தந்தே?”

மிஸ் ரப்பர் பேண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். 

கணவர் ஒருமுறைதான் குறுக்கிட்டார். மீட்டர் ஓடியதை ஓடியபடி எழுதுவதுதான் என் வேலை, யார் வீட்டு விளக்கு அணையும் என்று பார்த்தால் எழுத முடியாது என்றார். படிக்காதவர் சொன்ன இந்தப் பேச்சுக்கு நிகராக ஒரு வாதத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மிஸ் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

ஒன்பதாம் நாள் மதியம், சென்டருக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். கார்பன் வைத்து, மூன்று பக்கம். மகள் வேலையிலிருந்து வந்தபோது உறையை ஒட்டி முடித்திருந்தார். எழுதிட்டேன் என்றார். மகள் அம்மாவின் தோளில் ஒரு நிமிடம் முகத்தை வைத்துவிட்டு, துணி எடுக்கப் போவதுபோல் அலமாரிப் பக்கம் போனாள். அடுத்த நாள் மிஸ் தானே தபால் நிலையத்துக்குப் போய் உறையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார்.

மூன்று வாரம் வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். மகள் பழைய பெட்டி ஒன்றைத் துடைத்து வைத்தாள். கூரியர் அலுவலகத்தில், மாதக் கடைசியில் நின்றுவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தாள். பிறகு வாரியத்தின் கடிதம் வந்தது. மனு தள்ளுபடி. நூலாசிரியர் அனுப்பிய பட்டியல் கிடைத்தது, கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, குறிப்பிட்ட கேள்விக்கான விடையில் பிழை எதுவும் அவரால் சுட்டப்படவில்லை.

மகள் கடிதத்தை மடித்து வைத்தாள். அம்மாவின் கைப்பையிலிருந்து மேசைச் சாவியை எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தாள். நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். குனிந்து உட்கார்ந்து கோப்பைத் திறந்து, மிஸ் வழக்கம்போல் அங்கே சேர்த்து வைத்திருந்த மூன்று பக்க நகலை வெளியே எடுத்தாள். பின்னாலேயே வந்திருந்த மிஸ் ஃபில்டருக்கு அருகே நின்றுகொண்டிருந்தார், தடுக்கவில்லை. மகள் விரல் வைத்து எண்ணினாள். ஒவ்வொரு பிழையும் எண் போட்டு, எந்தப் பக்கம், எந்த வரி, உண்மை என்ன, மூலத்தில் எங்கே இருக்கிறது என்று மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தேர்வில் வராத பிழைகள். யாருக்கும் ஒரு மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ முடியாதவை. பதினொன்று இருந்தன.

பத்தொன்பது பேருக்காக அப்படிச் செய்தார் என்று டைரக்டர் நம்புகிறார். தன் பேச்சுதான் காரணம் என்றும் நம்புகிறார். தேர்வுக்கு முன் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு நாளுக்கு மிஸ் தனக்கே தண்டனை கொடுத்துக்கொண்டார், அதை மகள் தலையில் கட்டிவிட்டார் என்பது கணவரின் எண்ணம். தன் விடையை ஊரே சரி என்று எழுதிய பிறகு அதைத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை என்று வரலாற்று வகுப்பில் ஒரு பெண் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கோ இடறுகிறது. எழுத மாட்டேன் என்று மறுத்திருக்கலாமே என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. மிஸ்ஸிடம் கேட்டவர்களுக்கு, சந்தேகம் இருந்தா சீட்டுல எழுதி டின்ல போடுங்க என்பதுதான் பதில். நானும் போட்டேன். என் சீட்டு திரும்பி வந்தது, கேள்விக்குக் கீழே ஒரு எழுத்துகூட இல்லாமல்.

மகள் கூரியர் நிறுவனத்தின் வேறொரு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பாவோடு மட்டும் போனில் பேசுகிறாள். மிஸ் அதே மேசையில் இருக்கிறார். மாதிரி விடைகள் இப்போது சுத்தமாக வருகின்றன, கல் இல்லாமல். மாணவர்களுக்கு அது பிடித்திருக்கிறது. வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வருவதில்லை.

ஆனால் அன்று படிக்கு அடியில் நடந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். மகள் எண்ணி முடித்து மூன்றாம் பக்கத்தின் அடிக்கு வந்தாள். அங்கே, கையெழுத்துக்கு மேலே, கடைசி வரியாக, ‘இவை தவிர இந்தப் புத்தகத்தில் வேறு பிழை இல்லை என்று உறுதி கூறுகிறேன்’ என்று இருந்தது. அந்த வரியின் ஓரத்தில், பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி. மகள் அதன்மேல் விரலை வைத்து அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மிஸ் அந்தப் புள்ளியைப் பார்த்தார். ரப்பர் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் நகலை அவள் விரலுக்குக் கீழிருந்து மெல்ல இழுத்து, புள்ளியோடு கோப்பில் வைத்து மூடினார்.